வேண்டியது ஆறு, வருவது இருநூறு

அம்மா பார்ப்பது மொத்தம் ஆறு சேனல்கள். விடிந்ததும் ஒரு பக்திச் சேனல். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கே டிவியில் ஏதாவது பழைய படம். சாயங்காலம் தொடங்கிப் படுக்கும்வரை சன் டிவியிலும் விஜய்யிலும் மாறி மாறித் தொடர்கள். நடுவில் ஒரு செய்திச் சேனல். கச்சேரி வந்தால் தூர்தர்ஷன். அதை இன்னும் பொதிகை என்றுதான் சொல்வார், 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாற்றியதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. ரிமோட்டில் மற்ற எண்கள் பக்கம் கையே போகாது. தப்பித் தவறிப் போய்விட்டால் ஒடிசா செய்தியோ, கல் வைத்த மோதிரம் விற்கிறவரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். உடனே சென்னையில் இருக்கிற எனக்குப் போன் வரும்.

மாயவரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்குக் கேபிள் கட்டணம் மாதம் முந்நூறு ரூபாயை நெருங்கிவிட்டது. எனக்கு அது கண்ணில் படாத தொகை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியையான அம்மாவுக்கு அப்படி இல்லை. பால் கணக்கு, கேஸ் கணக்கு எழுதும் அதே நோட்டில் கேபிள் கணக்கும் இருக்கிறது. எப்போது எவ்வளவு ஏறியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். "பாக்காத சேனலுக்கு நான் எதுக்கு காசு குடுக்கணும்?" என்பது அவருடைய கேள்வி. இதே கேள்வியை டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் கேட்டது, 2017 மார்ச்சில், பக்கம் பக்கமாக. அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்தது. அந்தப் பதில் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

பதில் இதுதான்: இனிமேல் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி விலை. எது வேண்டுமோ அதற்கு மட்டும் பணம். வழக்குகள் எல்லாம் முடிந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்கள் நினைவிருக்கிறதா? எந்தச் சேனலைத் திருப்பினாலும் கீழே ஒரு பட்டை ஓடும். எங்கள் குடும்பத் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள், இத்தனை ரூபாய்தான் என்று தொடர் நடிகர்கள் கைகூப்புவார்கள். கேபிள்காரர் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான சேனல் பெயர்கள், பக்கத்தில் விலை, டிக் அடிக்கக் கட்டம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வினாத்தாளைப் பார்ப்பதுபோல் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ஆறே ஆறு டிக் போட்டுக் கொடுத்தார். அவர் பெருமையாகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

இப்போது கணக்குக்கு வருவோம். எல்லாம் 2019 விலை.

எந்தச் சேனலும் வாங்குவதற்கு முன்பே, இணைப்புக்கென்று ஒரு தொகை உண்டு. நூறு சாதாரண சேனல்கள்வரை எடுத்துவர அதிகபட்சம் 130 ரூபாய். எச்டி சேனல் என்றால் ஒன்றை இரண்டாக எண்ணுவார்கள். நூறைத் தாண்டினால் ஒவ்வொரு 25 சேனலுக்கும் 20 ரூபாய்வரை கூடுதல். இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகவே ஒரு கட்டணச் சேனல்கூட இல்லாமல் டிவி வெறுமனே உயிரோடு இருக்க 153 ரூபாய் 40 காசு. அம்மாவின் ஆறில் பக்திச் சேனலும் செய்திச் சேனலும் தூர்தர்ஷனும் இலவசம். மிச்சம் மூன்றுதான் காசுக்கு. சன் டிவி 19, கே டிவி 19, விஜய் 17. கூட்டினால் 55. எல்லாம் சேர்த்து, வரியும் போட்டால் 218 ரூபாய் 30 காசு.

மூன்று கட்டணச் சேனலுக்கு 218 ரூபாய். அரசு கேபிள் 2011இல் தொண்ணூறு சேனல்களை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்த மாநிலம் இது. அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிற ஒருவரிடம் போய், விருப்பப்பட்டதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அதைவிட மோசமானது அடுத்த கணக்கு. சன் டிவி, கே டிவி இரண்டையும் தனியாக வாங்க 38 ரூபாய். கிட்டத்தட்ட அதே காசுக்கு, இரண்டையும் நடத்தும் சன் நிறுவனத்தின் தமிழ்த் தொகுப்பு முழுவதும் கிடைத்தது: பாட்டு, சிரிப்பு, குழந்தைகள் சேனல், செய்தி எல்லாம் சேர்த்து. ஓர் இட்லி 19 ரூபாய், ஒரு தட்டு இட்லி 40 ரூபாய் என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு, எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் கடையில் கட்டாயம் கிடையாது என்று சொல்வது மாதிரி. ஒற்றை இட்லியை யார் வாங்குவார்கள்? வாங்கக் கூடாது என்பதற்காகவே வைத்த விலை அது.

அந்த 19 எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. சேனல் விலைக்கு டிராய் வைத்த உச்சவரம்பு 19 என்று பலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை. ஒரு சேனலின் விலையை நிறுவனம் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 19க்கு மேல் வைத்தால் அதைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. அவ்வளவுதான் விதி. தொகுப்பில் இல்லாத சேனலை யாரும் சீந்த மாட்டார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். ஆகவே நாடு முழுவதும் செல்வாக்குள்ள சேனல்கள் எல்லாம் வரிசையாகப் போய் 19இல் நின்றுகொண்டன. மேலே போகாதே என்று போட்ட கோட்டை, இதுவரை வரலாம் என்று படித்துக்கொண்டார்கள்.

இதைத் தடுக்க முதல் ஆணையிலேயே ஒரு பூட்டு இருந்தது. தொகுப்பின் விலை, அதிலுள்ள சேனல்களின் தனி விலைகளைக் கூட்டினால் வருவதைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. நூறு ரூபாய்ச் சேனல்களைத் தொகுப்பாக 85க்குக் கீழே கொடுக்க முடியாது. அந்தப் பூட்டு நிலைத்திருந்தால் தனி விலையைத் தாறுமாறாக ஏற்றும்போது தொகுப்பும் கூடவே ஏறியிருக்கும். தொகுப்பை மலிவாகக் காட்ட வேண்டுமென்றால் தனி விலையையும் இறக்கியாக வேண்டும். கேட்பதற்கே நியாயமாக இருக்கிறது. அந்த ஆணையை எதிர்த்து ஸ்டார் நிறுவனமும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுத, வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 மே மாதம் முடிவு வந்தது. மற்றதெல்லாம் நின்றது. அந்த 15 சதவீதம் மட்டும் செல்லாது என்றானது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் டிராய் ஆணையை உறுதி செய்தது. பூட்டு இல்லாமல் கதவு மட்டும் மிஞ்சியது.

என்னைக் கேட்டால் முழுக் கதையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கிடைத்தது, தனியாக வாங்கினால் அதிகம் செலவாகும் என்கிற உரிமை.

டிராய்க்கும் இது தெரியாமல் இல்லை. சில தொகுப்புகளில் தள்ளுபடி 70 சதவீதம்வரை போகிறது என்று 2019இல் அதுவே எழுதியது. 2020 ஜனவரியில் இரண்டாவது ஆணை போட்டது. அதே 130 ரூபாய்க்கு இனி இருநூறு சேனல். எத்தனை சேனல் எடுத்தாலும் இணைப்புத் தொகை 160ஐத் தாண்டக் கூடாது. தொகுப்பில் சேரும் சேனலின் விலை 12க்குமேல் போகக் கூடாது. தனி விலைகளின் கூட்டுத்தொகை தொகுப்பு விலையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. திரும்பவும் நீதிமன்றம், இந்தமுறை மும்பை. 2021 ஜூனில் ஆணையின் பெரும்பகுதி செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. மக்கள் விரும்பும் சேனல்களையே தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து, தனி விலையை 12க்குமேல் உயர்த்தி அறிவித்தன. அது நடைமுறைக்கு வந்திருந்தால் சந்தாதாரர் மாதச் செலவு எங்கேயோ போயிருக்கும். டிராய் இறங்கி வந்தது. 2022 நவம்பரில் திரும்பவும் 19. தள்ளுபடி 45 சதவீதம்வரை போகலாம். 2024இல் இணைப்புத் தொகைக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, சந்தையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கு நடுவே ஒரு பிப்ரவரி. 2023இல் புதிய விலையில் ஒப்பந்தம் போட மறுத்த கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சிக்னலை நிறுத்திவிட்டன. நாடு முழுவதும் ஏராளமான வீடுகளில் சில நாட்கள் அந்தச் சேனல்கள் வரவில்லை. விலை ஏறினால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று கேபிள் நிறுவனங்கள் சொல்ல, இத்தனை வருடமாக விலையே ஏற்றவில்லை என்று சேனல்கள் சொல்ல, மாதக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டு நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை இருவருமே கேட்கவில்லை. சில நாளில் கையெழுத்தானது. சேனல் வந்தது, விலையும் ஏறியது.

சரி, அம்மா போட்ட ஆறு டிக்குக்கு என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. தேர்வு செய்யாதவர்களுக்காக டிராய் 2019 மார்ச் கடைசிவரை அவகாசம் கொடுத்திருந்தது. அதுவரை அவர்கள் பார்க்கும் பழக்கம், மொழி எல்லாம் பார்த்து, பொருத்தமான திட்டம் ஒன்றில் கேபிள் நிறுவனமே சேர்த்துவிடலாம் என்றது. அம்மா தேர்வு செய்தவர். ஆனாலும் அந்தத் திட்டத்தில்தான் போய் விழுந்தார். ஜெராக்ஸ் தாள் எங்கே போனதென்று தெரியாது. கேட்டதற்குக் கேபிள்காரர் சொன்னார்: "டீச்சர், உங்க ஆறை தனித்தனியா போட்டா சாஃப்ட்வேர்ல ஒண்ணொண்ணா ஏத்தணும். ரேட்டும் கூட வரும். பேக்குல போட்டுட்டேன், உங்களுக்குத்தான் லாபம்."

அவர் பொய் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்தக் கேபிள்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஏழாம் வகுப்பு படித்தவர், அதனால் டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில் மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்துத் தொழிலை ஆரம்பித்தார். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு கேபிள் இல்லாத தெருவில் வாடகைக்கு வரக்கூட ஆள் யோசித்த காலம் அது. 1995இல் கேபிள் சட்டம் வந்து, தலைமை அஞ்சலகத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். சைக்கிளில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்ததை இன்னும் சொல்வார். அப்போது தெருவுக்கு அவர்தான் ராஜா. இந்தச் சேனல் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், மாடிக்குப் போய் எதையோ முறுக்கி வரவைப்பார். திருவிழா என்றால் உள்ளூர்ச் சேனலில் சாமி ஊர்வலம், பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம். குறை சொல்ல வேண்டுமென்றால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதும்.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் அந்த மாடி அவர் கையை விட்டுப் போனது. சிக்னல் எங்கிருந்தோ வருகிறது. எது தெரியும், எது தெரியாது என்பதை எங்கோ ஒரு சர்வர் முடிவு செய்கிறது. இவர் கையில் இருப்பது வயரும் வசூல் நோட்டும். விதிப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அந்த 130 ரூபாயில் 55 சதவீதம் மேலே இருக்கும் நிறுவனத்துக்கு, 45 சதவீதம் உள்ளூர் ஆபரேட்டருக்கு. அதாவது 58 ரூபாய் 50 காசு. ஒரு 19 ரூபாய்ச் சேனலில் விநியோகப் பங்கு குறைந்தது 20 சதவீதம். அதிலும் இவருக்கு வருவது ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. இதில் மின்கம்பத்தில் வயர் அறுந்தால் ஒட்டுவது, இடி இறங்கினால் ஆம்ப்ளிஃபையர் மாற்றுவது, பையன்களுக்குச் சம்பளம் எல்லாம் இவர் பாடு. திட்டு வாங்குவதும் இவர்தான். மும்பையில் ஒரு அலுவலகத்தில் விலையைத் தீர்மானித்தவரை மாயவரத்தில் யார் போய்த் திட்டுவது?

அவரைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. ரசீது கேட்டால் "இருக்கட்டும் டீச்சர்" என்பார். எந்தத் தொகுப்பில் இருக்கிறோம், அதில் எவை கட்டணச் சேனல், வரி எவ்வளவு என்று எழுத்தில் எதுவும் வந்ததே இல்லை. ஒருநாள் சாயங்காலம் அம்மா தினமும் பார்க்கும் சேனலில் படத்துக்குப் பதில், சந்தா பெறத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் வந்தது. அன்றைக்குத் தொடரில் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று இருந்த கட்டம். போன் போட்டால், "பேக் மாத்திட்டாங்க டீச்சர், மேலேர்ந்து. இன்னொரு பேக் இருக்கு, அம்பது ரூபா கூட. போட்டுடவா?" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்? எட்டு மணிக்குக் கல்யாணம். ஐந்தே நிமிடத்தில் சேனல் வந்துவிட்டது. நிறுத்தும்போது யாரும் கேட்கவில்லை, போடும்போது மட்டும் சம்மதம் கேட்டார்கள்.

எண் விஷயம் தனி வேதனை. என் அம்மா வயதில் யாரும் சேனலைப் பெயரால் தேடுவதில்லை, எண்ணால்தான். ஒரு சேனலுக்குக் கொடுத்த எண்ணைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு மாற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஒரு வருடம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒரு காலையில் பக்திச் சேனல் இருந்த இடத்தில் வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பாக்ஸைப் போட்டதும் முதலில் வந்து நிற்கும் சேனலைக் கவனித்திருக்கிறீர்களா? நேற்று எதைப் பார்த்துவிட்டு அணைத்தீர்களோ அது வராது. யாரோ ஒருவருடைய சேனல் வரும். அந்த இடம் விலைக்குப் போகிறது. பார்வையாளர் கணக்கில் சில நொடிகள் கூடும் என்பதற்காகச் சேனல்கள் பணம் கொடுத்து வாங்கும் இடம் அது. 2018இல் டிராய் அதற்குத் தடை போட்டுப் பார்த்தது. தொலைத்தொடர்பு வழக்குகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்தில் தடை நிற்கவில்லை. அதேபோல், நமக்கு வரும் அந்த இருநூறு சேனல்களில் பலவும் யாரும் கேட்டு வந்தவை இல்லை. தன்னை எடுத்துச் செல்வதற்காகச் சேனலே கேபிள் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கலாம். 2017 விதியில், சாதாரண சேனல் என்றால் மாதம் ஒரு சந்தாதாரருக்கு 20 காசுவரை. அந்த மோதிரக்காரர் அம்மா வீட்டுக்கு வர காசு கொடுத்திருக்கலாம், அவர் வருகிற வழிக்கு அம்மாவும் இணைப்புத் தொகை கொடுக்கிறார். இரண்டு பக்கமும் சுங்கம்.

இத்தனை கோபமிருந்தால் வேறு கேபிளுக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் சென்னைக்காரர்களாக இருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரே ஆள்தான். டிடிஎச்சுக்கு மாறினால் புது டிஷ், புது பாக்ஸ். பழைய பாக்ஸ் வேறெங்கும் வேலை செய்யாது. மொபைல் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம், பாக்ஸுக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் பாக்ஸும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020இல் பரிந்துரை செய்தது. பரிந்துரை செய்தது, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் டிடிஎச் போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. அதில் உண்மையும் இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒன்று உண்டு, ஒருமுறை செலவோடு சரி, ஆனால் அம்மாவின் தொடர்கள் வரும் சேனல்கள் அதில் இல்லை. ஓடிடி பக்கம் போகலாம் என்றால் அங்கேயும் தொகுப்பு ஆரம்பித்தாகிவிட்டது: இணைய இணைப்போடு இருபது செயலி, அதில் பதினெட்டின் பெயரே கேள்விப்படாதது.

அரசாவது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். அரசு கேபிள் பிறந்த கதை ஊரறிந்தது. 2007இல் ஆளும் குடும்பத்துக்குள் நடந்த சண்டையின் சூட்டில் உருவாகி, சமாதானம் ஆனதும் படுத்து, 2011இல் ஆட்சி மாறியதும் 70 ரூபாயோடு எழுந்தது. 2017 செப்டம்பரில் டிஜிட்டல் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் கட்டணத்தை வரி நீங்கலாக 130 ரூபாய் என்று குறைத்தார்கள். நல்ல விஷயம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் 2022 நவம்பரில் மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துடனான தகராறில் லட்சக்கணக்கான வீடுகளில் பாக்ஸ் ஒரேயடியாக நின்றபோது, பல ஆபரேட்டர்கள் வேறு பாக்ஸுக்கு மாறினார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பழைய கதை நினைவிருக்கலாம். வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் பாக்ஸ் வழியாக வாங்குவது என்கிற முறையை நாட்டிலேயே முதலில் நடத்திக் காட்டிய ஊர் சென்னை, 2003 செப்டம்பரில். 2006இல் அந்த முறைக்கு டிராய் வைத்த விலை, எந்தக் கட்டணச் சேனலானாலும் அதிகபட்சம் 5 ரூபாய். அந்த விலையில் அம்மாவின் மூன்று சேனல் 15 ரூபாய். விலைவாசி ஏறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு உச்சவரம்பு என்றால் உச்சவரம்பு; இன்றைய 19 மாதிரி நெளிந்து கொடுக்கிற வரம்பு இல்லை.

புகார் செய்வது பற்றி. டிராய்க்கு எழுதலாம், ஆனால் தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பது அதன் வேலை இல்லை. கேபிள் நிறுவனத்துக்கே அனுப்பிவைக்கும். டிடிசாட் தீர்ப்பாயம், நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடிய தனிநபர் வழக்கை எடுக்காது. மிச்சம் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும். ஐந்து லட்சம்வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பது நிஜமாகவே நல்ல ஏற்பாடு. ஆனால் ஐம்பது ரூபாய்க்காக, தன்னிடம் படித்த பையன்மீது, எழுபதைத் தாண்டிய டீச்சர் வழக்குப் போட மாட்டார். இந்தத் தொழிலில் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள் என்று சமயத்தில் தோன்றும்.

ஒரே ஒரு இடத்தில் விதி உதவியது. ஒவ்வொரு கோடையிலும் அம்மா கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். பூட்டிய வீட்டுக்கும் கேபிள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். 2017 விதிகளைப் புரட்டியபோது, முன்கூட்டியே சொன்னால் இணைப்பை முழு மாதக் கணக்கில் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம் என்று கண்ணில் பட்டது. மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுத்தால், மறுபடி இணைக்க அதிகபட்சம் 25 ரூபாய் என்றும் அப்போது அதில் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் கேபிள்காரரை வரச்சொல்லி, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் விதியைப் படித்துக் காட்டியிருக்கிறார். இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றாராம். கேட்டதும் போனிலேயே ஏதோ தட்டி அங்கேயே நிறுத்திக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு மாதமும் கேபிள் கணக்கில் கோடு போட்டிருக்கிறார் அம்மா.

ஊருக்குத் திரும்பியதும் இணைப்பு வந்தது. அந்த 25 ரூபாயையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாகக் கேட்டாராம்: "டீச்சர், இதை அக்ரஹாரம் பூரா சொல்லிட்டீங்களா? நேத்து மட்டும் மூணு பேர் போன் பண்ணி நிறுத்தச் சொல்றாங்க."